உப்புக்காட்டேரிக்கு நடை கொடுத்தவன்

இந்த ஒரு விஷயத்திலாவது பாஞ்சாலைக்குப் பங்கு கிடையாது என்று ராஜாங்கம் முடிவு செய்துவிட்டான்.

முடிவு செய்த இடம் மரக்காணம் உப்பளத்து வரப்பு. வீட்டில் வைத்து அவன் எந்த முடிவும் செய்வதில்லை. அங்கே முடிவுகள் முன்கூட்டியே வெந்து, ஆறி, தட்டு போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். அவன் போய்த் திறந்து பார்க்க வேண்டியதுதான். பேர்தான் ராஜாங்கம். ஆட்சி பாஞ்சாலையுடையது. அந்த வீட்டில் எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

உப்பளத்தில் அவன் நிலைமையே வேறு. அங்கே அவன் மேஸ்திரி. ஒரு சத்தம் போட்டால் தூரத்துப் பாத்தியில் நிற்கிற கொக்கு எழுந்து கடலுக்குப் போய்விடும். "அந்தக் குரலை எங்கண்ணன் செருப்போட சேத்து ஊட்டு வாசல்ல கழட்டி வெச்சிட்டுத்தான் உள்ள போவாரு" என்று கொளஞ்சி சொல்வான். கொளஞ்சி ராஜாங்கத்துக்குக் கீழே வேலை செய்கிறவன். நண்பனும் அவனேதான். அதனால் மரியாதை கொஞ்சம் முன்னே பின்னேதான் வரும்.

விஷயம் இதுதான். புதுச்சேரியில் மேரிசெல்வி என்று ஒரு பெண். தலைமுடியில் பாதி நீலம், ஜீன்ஸில் பாதி கிழிசல். அவளும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து 'உப்புக்காட்டேரி' என்று ஒரு காமிக்ஸ் போட்டார்கள். அது எக்கச்சக்கமாக ஓடியது. அதையே இப்போது முழுநீள அனிமேஷன் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதை நடப்பது உப்பளத்தில். உப்பு வாருகிறவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படித் திரும்புவார்கள் என்று பார்க்க ஒரு நாள் கேமராவோடு வந்துவிட்டாள்.

"அண்ணா, கொஞ்சம் நடந்து காட்டுங்க."

ராஜாங்கம் நடந்தான். தோளில் உப்பு வாருகிற பலகை. பாத்திச் சேற்றில் வழுக்காமல் இருக்க இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நெஞ்சு முன்னால் போகும், மற்றதெல்லாம் பின்னால் வரும். ஊரில் அதை வாத்து நடை என்பார்கள்.

மேரிசெல்வி துள்ளிக் குதித்தாள்.

"அய்யோ அண்ணா! இதான். இந்த நடைதான் எங்க ஹீரோவுக்கு வேணும்!"

"ஹீரோவுக்கா?"

"சாதா ஹீரோ இல்லண்ணா. ஆன்ட்டி ஹீரோ."

"எந்த ஆன்ட்டிம்மா?"

"அது வேற ஆன்ட்டிண்ணா. உப்புக்காட்டேரி முழுசா நல்லதும் இல்ல, முழுசா கெட்டதும் இல்ல. மூஞ்சியில ஒரு சாக்கு, அதுல ரெண்டு ஓட்டை. ஏமாத்துறவனைத் தேடிப் புடிச்சு உதைக்கும். அதே சமயத்துல குடிக்கும், பொய் சொல்லும், லாரியைக் கொளுத்தும். வாயைத் தொறந்தா கெட்ட வார்த்தைதான்."

"அப்போ நம்ம ஊர் ஆளுதான்" என்றான் ராஜாங்கம்.

பிறகு ஒரு மைக்கை நீட்டினாள். "வீரமா எதையாவது பேசுங்கண்ணா. குரல் எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்."

வீரமாக என்றதும் ராஜாங்கத்துக்குக் கண் முன்னால் வந்தது வீடுதான். கனவில் மட்டும் பேசிப் பார்த்த வசனம் ஒன்று தொண்டையில் தயாராக இருந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு எடுத்துவிட்டான்.

"டேய்! நான் யாருன்னு தெரியுமாடா? நான் மொறைச்சா என் ஊட்டுல சோறு தானா வேகும்டா! என் செருப்புச் சத்தம் கேட்டா என் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால போயி நிப்பாடா!"

"நிக்கிறது நெசம்தான்" என்று கொளஞ்சி முணுமுணுத்தான். "கையில இன்னா வெச்சிக்கினு நிக்கும்னும் சேத்துச் சொல்லுண்ணே."

மேரிசெல்விக்கு அது காதில் விழவில்லை. "சூப்பர்ணா! இதைப் படத்துல எங்க வேணா போட்டுக்கலாமா?"

"தாராளமா போட்டுக்கோம்மா. உன் படம், என் கொரலு."

அன்று சாயந்திரமே டீக்கடைக்குச் செய்தி போய்விட்டது. நடையும் ராஜாங்கம், குரலும் ராஜாங்கம். சாக்கு ஒன்றுதான் வேறு யாருடையதோ. "நான்தான் ஆன்ட்டி ஹீரோ" என்று அவன் சொல்ல, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் "எந்த ஆன்ட்டிக்குப்பா?" என்று கேட்டார். ராஜாங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய மனிதனாகிவிட்டால் சின்னக் கேள்விகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அன்றிலிருந்து அவன் நடக்கிறபோதெல்லாம் யாரோ கேமரா பிடிக்கிறார்கள் என்ற நினைப்போடுதான் நடந்தான். காய்கறி வாங்கப் போனால்கூட நெஞ்சு முதலில் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

படம் வளர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து பாஞ்சாலைக்குப் பக்தியும் வளர்ந்தது. இரும்பை சிவன் கோயிலுக்கு வேண்டுதல் என்று அடிக்கடி காலையில் பஸ் ஏறினாள். இருட்டுகிற நேரத்துக்குத் தொண்டை கட்டிப்போய் வந்து சேர்வாள். "தேவாரம் பாடச் சொல்றாங்க" என்பாள். தொண்டை கட்டிய பாஞ்சாலை ராஜாங்கத்துக்கு ஈசன் நேரில் வந்து கொடுத்த வரமாகத் தெரிந்தாள். "இன்னும் ரெண்டு பாட்டு சேத்துப் பாடிட்டு வா. அவசரமே இல்ல" என்று பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டான்.

ஒரு நாள் மேரிசெல்வி போன் செய்தாள். படம் முடிந்துவிட்டது. புதுச்சேரித் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறப்புக் காட்சி. அவனுக்கு இரண்டு பாஸ். "ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு உங்க இஷ்டம்ணா" என்று சொல்லிவிட்டு, எதற்கோ சிரித்தாள்.

அங்கேதான் அந்த வரப்பு முடிவு பிறந்தது. பாஞ்சாலை வரக் கூடாது. ஒன்று, தானாக வேகிற சோறும் கதவுக்குப் பின்னால் நிற்கிற பொண்டாட்டியும் படத்தில் வருகிறபோது அவள் பக்கத்து சீட்டில் இருந்தால், மேலே சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று அவன் யாரிடமும் சொல்லாதது. கல்யாணமானதிலிருந்து அவனுக்கென்று தனியாக ஒரு பெருமை இருந்ததில்லை. பாத்தி நன்றாக விளைந்தால் பாஞ்சாலை கை ராசி. வீடு கட்டினால் பாஞ்சாலை சாமர்த்தியம். இது ஒன்று, இந்த நடை ஒன்று, அவனுடையது.

ஆனால் சனிக்கிழமை அவன் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டது.

"யோவ், நீ நடந்த படம் ரெடியாயிடுச்சாமே?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? டீக்கடையில நீ பேசுறது ரேடியோவுல பேசுற மாதிரிதானே."

"அது ஒண்ணும் இல்ல. பொம்மைப் படம். சின்னப் பசங்க பாக்குறது."

"ரொம்ப நல்லதாப் போச்சு. பிரம்மதேசத்துலேர்ந்து எங்கண்ணன் பசங்க லீவுக்கு வருதுங்க. கூட்டிக்கினு போ."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கைக்கொழந்தையும் இருக்குது. மடியில வெச்சிக்கோ."

ராஜாங்கத்துக்குச் சோறு பாதி வழியில் நின்றது.

"இல்ல பாஞ்சால... அது சின்னப் பசங்க படம் மாதிரி இருக்கும். ஆனா சின்னப் பசங்க பாக்கக் கூடாது."

"பொம்மைப் படத்துல அப்படி இன்னா இருக்குது?"

"ரத்தம். குடி. கெட்ட வார்த்தை. ஏ சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்கான். பெரியவங்க மட்டும்தான்."

"அப்போ நான் வர்றேன்."

"நீயா?"

"ஏன், இத்தினி வருசம் குடும்பம் நடத்தி நான் இன்னும் பெரியவளாவலையா?"

"பெரியவங்கன்னா... ஆம்பளைப் பெரியவங்க."

"அப்படிக்கூட ஒரு சர்ட்டிபிகேட்டு இருக்குதா?"

"புதுசா வந்திருக்குது."

"ஏன், கெட்ட வார்த்தை கேட்டா பொம்பளைங்க காது கழண்டு விழுந்துடுமா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ கோயிலுக்குப் போயி தேவாரம் பாடுற வாயி. அந்த மாதிரி வார்த்தை எல்லாம் உன் பக்கத்துலயே வரக் கூடாது."

பாஞ்சாலை அவனையே பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

"சரி மாமா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் அங்கேயே எழுந்து ஓடியிருப்பான். பாஞ்சாலை 'யோவ்' என்றால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 'மாமா' என்றால் எங்கோ புயல் சின்னம் உருவாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் ராஜாங்கம் அப்போது பெருமையின் உச்சியில் இருந்தான். அவ்வளவு உயரத்தில் இருந்தால் கீழே பேசுவது சரியாகக் கேட்காது. பாஞ்சாலையை ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான். இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஞாயிறு காலை பாஞ்சாலை, "நான் இரும்பைக் கோயிலுக்குப் போறேன்" என்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். ராஜாங்கம் கூனிமேட்டுத் தையல்கடை பாயிடம் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டான். கருப்புக் கண்ணாடி போட்டான். கொளஞ்சியின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கையசைத்தான். இரண்டு பேர் வண்டியை நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டிப் போனார்கள்.

தியேட்டர் வாசலில் பெரிய கட்டவுட். சாக்கு முகமூடி, எரிகிற லாரி, உப்பு அம்பாரத்தின் உச்சியில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நிற்கிற உருவம்.

"கொளஞ்சி, காலைப் பாருடா!"

"பாத்தேண்ணே. உன் காலேதான். வெடிப்புகூட விடாம வரைஞ்சிருக்காங்க."

ராஜாங்கத்துக்குக் கண் கலங்கியது. கருப்புக் கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

உள்ளே ஒரு பையன் டார்ச் அடித்து முன்வரிசைக்கு அழைத்துப் போனான். நடுவில் மேரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கிளிப்பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூவோடு ஒரு அம்மாள். அந்த அம்மாள் திரும்பினாள்.

"வா மாமா. ஒக்காரு. ஆம்பளைப் பெரியவங்களுக்கு எடம் போட்டு வெச்சிருக்குது."

ராஜாங்கம் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றினாலும் அது பாஞ்சாலையாகத்தான் இருந்தது.

"ண்ணே" என்றான் கொளஞ்சி மெதுவாக, "இரும்பைக் கோயிலை எப்போண்ணே இங்க மாத்துனாங்க?"

பதில் சொல்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

திரையில் விடிந்தும் விடியாத உப்பளம். வெள்ளை வெளேர் என்று பாத்திகள். தூரத்தில் சாக்கு முகமூடியோடு ஓர் உருவம் நடந்து வருகிறது. பாதம் வெளியே, நெஞ்சு முன்னே. தியேட்டர் முழுக்க விசில். ராஜாங்கம் எல்லாவற்றையும் மறந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆபத்தை மறந்தான். ஆயிரம் தடவை தான் நடந்த நடையை முதல் முதலாக எதிரில் நின்று பார்த்தான். வாத்து என்றவர்களெல்லாம் வந்து பார்க்கட்டும். அது ராஜ நடை.

உருவம் உப்புத் திருடுகிற லாரியின் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தது.

"டேய், நனைஞ்ச தீப்பெட்டி! எறங்குடா கீழ!"

ராஜாங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் குரல் அவன் குரல் இல்லை. ஆனால் அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல். தினமும் காலையில் அவனை எழுப்புகிற குரல்.

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். பாஞ்சாலை திரையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"மூளைய அடகுக் கடையில வெச்சிட்டு ரசீதையும் தொலைச்சவனே!" என்றது காட்டேரி. தியேட்டர் குலுங்கியது. ராஜாங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அது பிறந்தது எப்போது என்று அவனுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வேறு யார் வீட்டிலோ இறக்கி வைத்துவிட்டு வந்தானே, அன்று. நனைஞ்ச தீப்பெட்டி, மாமியார் ஊர்த் திருவிழாவில் அவன் மேடையேறிப் பேச்சு வராமல் நின்றபோது பிறந்தது. "மழைக்கு மூடாத உப்பு மூட்டை" என்று அடுத்தது வந்தது. அது தீபாவளிக்கு. ஒவ்வொன்றாக வந்தது. சிலவற்றை இங்கே எழுத முடியாது, பெரியவர்கள் மட்டும் பார்க்கிற படம் அல்லவா. ஒவ்வொன்றுக்கும் சனங்கள் கைதட்டினார்கள். பக்கத்து வரிசையில் ஒரு பையன் நோட் பண்ணிக்கொள்ளாத குறையாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

ராஜாங்கத்துக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, எப்படி என்று தெரியவில்லை, ஒரு பொறாமை வந்தது. இதெல்லாம் அவனுக்கென்று பாஞ்சாலை பார்த்துப் பார்த்துச் செய்த வசவுகள். இத்தனை பேர் ஓசியில் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

"அப்போ என் கொரலு எங்கடா?" என்று கொளஞ்சியிடம் கிசுகிசுத்தான்.

"பொறுண்ணே. வரும்."

வந்தது. இடைவேளைக்குப் பிறகு தொப்பையும் தங்கச் சங்கிலியுமாக ஓர் அடியாள் கள்ளுக்கடையில் உட்கார்ந்துகொண்டு மீசையை முறுக்கினான். "நான் மொறைச்சா என் ஊட்டுல சோறு தானா வேகும்டா! என் செருப்புச் சத்தம் கேட்டா..." அவன் முடிப்பதற்குள் காட்டேரி பின்னாலிருந்து வந்து கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. ஒரே வீச்சு. உப்புத் தண்ணீர்ப் பாத்தியில் தலைகீழாகப் போய் விழுந்தான். குமிழி வந்தது.

தியேட்டர் எழுந்து நின்று கைதட்டியது. பாஞ்சாலையும் தட்டினாள். வேர்க்கடலைத் தோல் பறந்தது.

"உன் கொரலு நல்லா வந்திருக்குது மாமா" என்றாள். "அதுலயும் அந்தக் குமிழி."

"உனக்கு எப்படித் தெரியும் நான் பேசுனது?"

"நீ மைக்குல பேசுன அன்னைக்கே உப்பு லாரிக்காரன் நம்ம வாசலை அடைச்சிக்கினு வண்டியை நிறுத்திட்டான். நான் அவனுக்கு நாலு வார்த்தை நல்லதா சொல்லிக்கினு இருந்தேன். இந்தப் பொண்ணு அந்தப் பக்கமா வந்து நின்னு கேட்டுது. 'அக்கா, எங்க காட்டேரியே நீங்கதான்'னு கையைப் புடிச்சிக்கிச்சு. உன் பொண்டாட்டின்னு அதுக்கு அப்போ தெரியாது. மைக்குல கொரலு எப்படிக் கேக்கும்னு காட்டுறதுக்கு அப்பதான் புடிச்சிக்கினு வந்த ஒரு ஆளோட கொரலைப் போட்டுக் காட்டுச்சு." பாஞ்சாலை ஒரு கடலையை உரித்தாள். "கேட்டேன். கதவுக்குப் பின்னால நின்னுதான் கேட்டேன்."

"அப்போ இரும்பைக் கோயிலு?"

"கோயிலுக்கும்தான் போனேன். ஸ்டுடியோவுக்குப் போற வழியில ஒரு கும்புடு போட்டுட்டுப் போவேன். நீதான் பஸ் ஏத்தி விட்டியே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ சொன்னியா? ஆம்பளைப் பெரியவங்க சர்ட்டிபிகேட்டுன்னே. சும்மா படத்தைப் பாரு."

படம் கடைசிக்கு வந்திருந்தது. பெரிய மழை. பாத்தியெல்லாம் கரைந்து, அம்பாரமெல்லாம் கரைந்து, உப்பளமே இருந்த இடம் தெரியாமல் தண்ணீராகக் கிடக்கிறது. வேலைக்காரர்கள் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டேரி நடந்து வருகிறது. அடிபட்ட நடை. சேற்றில் பாதத்தைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிற நடை. அவர்கள் முன்னால் நின்று, முகத்துச் சாக்கைக் கழற்றுகிறது. உள்ளே ஒரு பெண். நரை விழுந்த, மூக்குத்தி போட்ட, நம்ம ஊர்ப் பெண்.

"தண்ணியில வந்தது, தண்ணியிலயே போச்சு. போவட்டும். எழுந்திரு, பாத்தி கட்டலாம்" என்றாள்.

வசவு இல்லை, வேகம் இல்லை.

ராஜாங்கம் சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டான். சில வருஷத்துக்கு முன்னால் வந்த புயலில் அவர்கள் குத்தகைப் பாத்தி முழுக்கப் போன அன்று, அவன் வரப்பில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். யாருக்கும் தெரியாது. கொளஞ்சிக்குக்கூடத் தெரியாது. பாஞ்சாலை முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அவனைத் திட்டவில்லை. இதைத்தான் சொன்னாள். இதே குரலில்தான் சொன்னாள். மண்வெட்டியை அவளே எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"இதையும் குடுத்துட்டியா?" என்றான்.

"உன் பேரைச் சொல்லல" என்றாள் பாஞ்சாலை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எல்லாரையும் கொஞ்சம் தூக்கி விடுற மாதிரி ஒண்ணு வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டுது. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது, தட்டிக்கொண்டே இருந்தது. மேரிசெல்வி மேடையேறி, "எங்க காட்டேரியோட நடை ராஜாங்கம் அண்ணன், பேச்சு பாஞ்சாலை அக்கா!" என்று கத்தினாள்.

"நடக்குறது நீ, பேசுறது அவங்க" என்றான் கொளஞ்சி. "படம்னு சொன்னாங்க. எனக்கு உங்க ஊட்டு வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்குதுண்ணே."

ராஜாங்கம் அவனை முறைக்கவில்லை. பெரிதாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை சிவந்துபோயிற்று. தனக்கென்று ஒரு பெருமை கேட்டான். வந்த பெருமை தனக்கு மட்டும் என்று எடுத்து வைத்துக்கொள்ள முடியாத அளவு பெரிதாக இருந்தது. கோபித்துக்கொள்ளத் தேடிப் பார்த்தான், ஒரு காரணமும் அகப்படவில்லை.

வெளியே வந்ததும் கூட்டம் பாஞ்சாலையைச் சூழ்ந்துகொண்டது. காலேஜ் பெண்கள் செல்பி எடுத்தார்கள். "அக்கா, ஒரே ஒரு தடவ என்னைத் திட்டுங்கக்கா!" என்று ஒரு வாலிபன் கெஞ்சினான். பாஞ்சாலை அவனை ஏற இறங்கப் பார்த்து, ஒன்று விட்டாள். அவன் ஆனந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டான். ராஜாங்கத்தின் நடையைப் பற்றிக் கேட்க ஒருத்தரும் வரவில்லை. அவன் அந்தப் பக்கம் இரண்டு தடவை, இந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்தும் காட்டினான்.

"யோவ், இங்க வா!" என்று கூப்பிட்டாள் பாஞ்சாலை. தோள்பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். பூச்சரம் நழுவியது, அதையும் கொடுத்தாள். மிச்ச வேர்க்கடலையையும் கொடுத்தாள். 'யோவ்' என்றதில் அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அப்போது மைக்கோடு ஒரு டிவிக்காரப் பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். பையும் பூவும் கடலையுமாக நின்ற ராஜாங்கத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"சார், நீங்க இந்தப் படத்துல யாரு?"

ராஜாங்கம் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் மீசையை முறுக்கினான். நெஞ்சு தானாக முன்னால் வந்தது.

"ஹீரோவோட ஊட்டுக்காரன்."